திரையின் வலது மூலை

கரைமேடு
ஆகஸ்ட் 3

சுண்டெலிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க முடியவில்லை. இங்கே நலமில்லை. நீ நலம் என்பதை நேற்று டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இந்த மண்கரையின் நீளம் ஒன்பது கிலோமீட்டர். இரண்டு பக்கமும் தண்ணீர். நடுவில் பதினெட்டாயிரம் பேர். தெற்கு முனையில் நிவாரணக் கிடங்கு இருக்கிறது. ஜெனரேட்டர் ஓடும் ஒரே இடம் அதுதான். சலைன் பாட்டில் கேட்கப் போயிருந்தேன். நம் ஊர்ப்பக்கத்துக்காரரான கிடங்கு அதிகாரி உங்கள் சேனலில் மதியம் இரண்டு மணிச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். திரை முழுவதும் ஒரு இரும்பு கேட். யாரோ ஒரு நடிகர் யாரோடோ பேசிய ஆடியோ வெளியாகிவிட்டதாம். அது அவர் வீட்டு கேட்டாம். வலது மூலையில் உள்ளங்கை அகலப் பெட்டிக்குள் நீ நின்று, காது கேளாதவர்களுக்காகக் கைகளால் சொல்லிக்கொண்டிருந்தாய். "கேட் இன்னும் திறக்கவில்லை." அதையே நான்கு முறை சொன்னாய்.

"சார், அது என் தங்கச்சி" என்றேன்.

"அப்படியா சிஸ்டர்? அப்ப அவங்ககிட்ட சொல்லி நம்ம கரையைக் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க. டிவில வர்ற இடத்துக்குத்தான் லாரி போகுது. நான் எழுதுற ஃபைலை யாரு படிக்கிறா?"

கிண்டலாகச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார்.

உங்கள் சேனல்காரர்கள் ஜூன் மாதம் இங்கே வந்தார்கள். அரை நாள் இருந்தார்கள். கேமராக்காரர் என்னிடம் வந்து, "சிஸ்டர், இங்க யாராவது அழுவாங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். அழ வேண்டியவர்கள் எல்லோரும் மே மாதமே அழுது முடித்துவிட்டார்கள் என்றேன். அவர் ஏமாற்றத்தோடு படகு ஏறினார். அதில் இருபத்திரண்டு நொடி போட்டீர்களாம். அந்த இருபத்திரண்டு நொடிக்கும் நீதான் கையசைத்திருப்பாய். எனக்கு ஒரு வரி எழுத உனக்குத் தோன்றவில்லை.

இங்கே செல்போன் கோபுரம் சாய்ந்து கிடக்கிறது. செவ்வாய், வெள்ளி தபால் படகு வரும். கோபம் வந்தாலும் எழுது.

அப்பாவிடம் நான் எழுதியதாகச் சொல்லாதே. காது கேட்கிறவர்கள் வீட்டில் கோபம் வந்தால் கதவைச் சாத்துவார்கள். நம் வீட்டில் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். அதற்குப் பிறகு எந்தக் கை என்ன பேசி என்ன. நான் கிளம்பின அன்று அவர் மூடிய கண் எனக்கு இன்னும் திறக்கவில்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

உன் கடிதம் நனைந்து வந்தது. தபால்காரர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, தான்தான் நனைத்துவிட்டதுபோல் நின்றார். அடுப்பின் மேல் காயவைத்துப் படித்தேன். நீ திட்டியிருந்த இடங்களில் மட்டும் மை கலையவே இல்லை.

எழுதவில்லை என்று கேட்கிறாய். அம்மா போய் இரண்டே மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் நீ. அந்த வீட்டில் சமைத்து, அப்பாவுக்கு மருந்து எடுத்து வைத்து, வாசல் மணி அடித்தால் அவருக்காக ஓடிப்போய்த் திறந்து, மூன்று பேருடைய வேலையை ஒருத்தி செய்கிறேன். உனக்கு என்ன எழுதுவது? இன்றைக்கும் நீ இல்லை, நாளைக்கும் நீ இல்லை என்றா?

சரி. சண்டை போட்டாகிவிட்டது. இனி உள்ளதைச் சொல்கிறேன்.

என் பெட்டி உண்மையில் பெட்டி அல்ல. பச்சைத் துணி விரித்த ஒரு சுவர். அதன் முன்னால் தரையில் ஒட்டிய ஒரு நாடா. அதைத் தாண்டி நகரக் கூடாது. ஏசி எப்போதும் பதினெட்டில் இருக்கும். என் காதில் ஒரு சின்ன மொட்டு. அதில் செய்தி வாசிப்பவர் பேசுவார். அவரை நாங்கள் முரசு என்போம். கேட் இன்றோடு பன்னிரண்டாம் நாள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு மயக்கம் வந்துவிட்டது. துருப்பிடித்த ஒரு கம்பி, மேலே ஒரு காக்கை, கீழே யாரோ விட்டுப்போன குடை. நேற்று கனவில் அந்த கேட் திறந்தது, அக்கா. உள்ளே வீடு இல்லை. மட்டமாக, சத்தமில்லாமல், தண்ணீர் வெளியே வந்தது. முரசு அதைப் பார்த்துவிட்டு, "விளம்பரத்துக்குப் பிறகு" என்றார்.

உன் கடிதம் வந்த மறுநாள் எடிட்டர் சாரிடம் போனேன். நான் அவரிடம் நேராகப் பேசுவது இது இரண்டாவது முறை.

"சார், அந்தக் கரைமேட்டு வெள்ளம்..."

"வெள்ளம் வந்துச்சும்மா. போட்டோமே. இப்ப என்ன ஆச்சு?"

"இன்னும் வடியல சார்."

"அதான் பிரச்சனை. வடியலைன்னா அதுல நியூஸ் இல்ல. ஏதாவது மாறினா சொல்லு."

கெட்ட மனிதர் இல்லை. மேஜையில் குழந்தைகள் வரைந்த படம் ஒட்டி வைத்திருக்கிறார். அவருடைய சுவரில் ஒரு கோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதற்கான கோடு. கேட் வந்தால் அது ஏறுகிறது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டு பேசினார்.

நான் என்ன செய்ய? சொல்வது என் சொல்லாக இருந்தாலாவது பரவாயில்லை. இவை வாடகைக்கு விட்ட கைகள்.

அப்பா நன்றாக இருக்கிறார். பஸ் பாடி கட்டும் பட்டறையில் இன்னும் ரிவெட் ஆணி அடிக்கிறார். அந்தச் சத்தம் தாங்கும் காது வேண்டும் என்றுதான் காது கேளாத எட்டுப் பேரை அங்கே வைத்திருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எட்டுப் பேரும் என் செய்தியைப் பார்க்கிறார்கள். உன் பேச்சை அவர் எடுப்பதில்லை. ஆனால் உன் தட்டை யாரும் எடுத்துச் சாப்பிட விடுவதில்லை.

சுண்டெலி

*

கரைமேடு
ஆகஸ்ட் 19

சுண்டெலிக்கு,

தட்டு விஷயத்தை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். அன்று எனக்கு நிறைய வேலை இருந்தது.

மூன்று பேர் வேலையை நீ ஒருத்தி செய்கிறாய் என்பது சரி.

உன் எடிட்டர் சொன்னதை யோசித்துக்கொண்டே இருந்தேன். வடியாத தண்ணீர் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. உனக்குச் சொல்கிறேன்.

முதலில் அது அசையாது. காலையில் வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கரை நடுவானத்தில் கட்டின கொடிமாதிரி தொங்கும். அதில் துணி காய்வதுபோல் மனிதர்கள். மேற்கே ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை மட்டும் தெரியும். அதன் மேல் ஆடுகள் நிற்கும், யார் ஏற்றிவிட்டார்களோ. படகில் போகும்போது குனிந்து பார்த்தால் அடியில் ஒரு தெரு. ஒரு சைக்கிள் சுவரில் சாய்ந்தபடி நிற்கிறது. இன்னும் யாரோ வந்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்பதுபோல. மீன்கள் ஜன்னல் வழியாகப் போய் வருகின்றன. இங்கே யாரும் உரக்கப் பேசுவதில்லை. தண்ணீருக்கு அடியில் ஊர் தூங்குகிறது என்று நினைக்கிறார்களோ என்னவோ.

இந்த ஊர் ஜனங்களின் பாஷை வேறு, எனக்கு அரைகுறை. மீதியை அப்பா சொல்லித்தந்த கைகளால் சமாளிக்கிறேன். எங்கே வலி, எத்தனை தடவை போச்சு, குழந்தை எப்போது பால் குடித்தது எல்லாவற்றுக்கும் இப்போது கரையில் ஒரு சைகை உண்டு. என்னைவிட அவர்கள் வேகமாகப் பேசுகிறார்கள்.

அழகாக எழுதிவிட்டேனோ? அப்படியானால் இதையும் எழுதுகிறேன். கரையில் ஏழு கைப்பம்புகள். ஐந்து முழுகிவிட்டன. இரண்டில் வரும் தண்ணீரைப் பிடித்துவைக்கச் சுத்தமான பாத்திரம் இல்லை, காய்ச்ச விறகு இல்லை. அதனால் பாதிப் பேர் அந்த அழகான தண்ணீரையே குடிக்கிறார்கள். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். இன்றுவரை நாற்பத்தொரு பேர். தபால் படகு ஓட்டுகிறவரின் மனைவி நாற்பத்தொன்றாவது. காலை பத்து மணிக்குத் தானே நடந்து வந்தாள். "படகு வர்றதுக்குள்ள போயிடணும், அவருக்குச் சாப்பாடு கட்டணும்" என்றாள். என்னிடம் ஒரு சலைன் பாட்டில் இருந்தது. அது பக்கத்துப் பாயில் கிடந்த குழந்தைக்கு ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை பிழைத்தது. நாலு மணிக்குப் படகு வந்தது. அவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் தபால் பையை இறக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, பிறகுதான் உட்கார்ந்தார். உன் கடிதமும் ஈரமாக அந்தப் பையில்தான் இருந்தது.

வேண்டியது மூன்று: சலைன், குளோரின், தண்ணீர் பிடித்துவைக்கப் பெரிய தொட்டிகள். உன்னிடம் கேட்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அக்கா

*

ஆகஸ்ட் 28

அக்காவுக்கு,

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். நல்லதா கெட்டதா என்று நீ சொல்.

திங்கட்கிழமை உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். இரண்டு மணிக்குக் கேட். முரசு நாற்பது நிமிடம் பேசினார். நாற்பது நிமிடத்தையும் பிழிந்தால் மூன்று வரி வரும்: நடிகர் வெளியே வரவில்லை. ஒரு கார் வந்தது. அது காய்கறிக்காரருடைய கார். இதை நான் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டேன். பிறகு அவர் அதையே ஏற்றி இறக்கிச் சொன்னார். எனக்குக் காதில் மொட்டு இருந்தது, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. பச்சைச் சுவரின் குளிர் தண்ணீரைப்போல் முழங்கால் வரை ஏறியதாக ஒரு நினைப்பு. என் கைகளைப் பார்த்தேன். அவை பள்ளிக்கூடக் கூரையைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஆடுகளைச் சொன்னேன். சைக்கிளைச் சொன்னேன். அந்தப் படகுக்காரர் பையை இறக்கிவைத்ததைச் சொன்னேன். நாற்பத்தொன்று என்றேன்.

ஸ்டுடியோவில் இருபது பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. முடிந்ததும் கேமராக்காரர், "இன்னைக்கு நல்லா உணர்ச்சியா பண்ணீங்க" என்றார்.

சாயங்காலம் அப்பா பட்டறையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று கேட்டார்.

"திரையில கேட். அடியில ஓடுற எழுத்துல நடிகர். நீ மட்டும் வெள்ளத்தைச் சொல்றே. எது பொய்?"

"நான் சொன்னது நிஜம்ப்பா."

"அது நிஜமா இருக்கட்டும். அவன் என்ன கத்துறான்னு எங்களுக்குச் சொல்லத்தானே உன்னை வெச்சிருக்கு? அவன் குப்பையைக் கொட்டினா, குப்பைன்னு தெரிஞ்சுக்கிற உரிமை எங்களுக்கு உண்டு. காது கேக்காதவன்தானேன்னு நீ நினைச்சதை ஊத்துவியா? உங்கம்மா ஒரு நாளும் எனக்கு ஒரு வார்த்தையை மாத்திச் சொன்னதில்ல."

அக்கா, நான் அதுவரை என்னைப் பெரிய வீராங்கனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அழுதுவிட்டேன். அவர் அழுகையைப் பார்க்காததுபோல் செருப்பைக் கழற்றினார். பிறகு திரும்பி வந்து மெதுவாகக் கேட்டார்: "அந்த நாப்பத்தொண்ணு, எண்ணு சரிதானா? யார் சொன்னது?"

அவர் உனக்கு வைத்த சைகைப் பெயரைச் சொன்னேன். புருவத்துத் தழும்பின்மேல் ஒரு விரல். மூன்று மாதமாக நம் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவர் கண்ணை மூடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சொல்றதுன்னா உன்னுதுன்னு சொல்லிட்டுச் சொல்லு" என்றார்.

மறுநாளிலிருந்து அப்படித்தான். முரசு சொல்வதை ஒரு எழுத்து விடாமல் முதலில் சொல்கிறேன். அவர் இரண்டாவது சுற்று ஆரம்பித்ததும், "இவர் முன்னால் சொன்னதையே சொல்கிறார். புதிதாக ஏதாவது சொன்னால் உடனே சொல்வேன். இனி வருவது சேனலின் சொல் அல்ல, என் சொல். என் அக்கா அங்கே நர்ஸ்" என்று சொல்லிவிட்டுக் கரைக்கு வருகிறேன். நான்கு நாளாக.

நிறுத்தட்டுமா?

சுண்டெலி

*

கரைமேடு
செப்டம்பர் 6

சுண்டெலிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை கிடங்கில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் நீ என் ஆடுகளைச் சொல்கிறாய்.

கையிலிருந்த பாக்கெட் விழுந்துவிட்டது. கிடங்கில் பத்துப் பதினைந்து பேர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அவர்களுடைய கதையைத்தான் பார்க்கிறார்கள்; ஒருவருக்கும் தெரியவில்லை. எழுந்து நின்று நீ சொல்வதைச் சத்தமாகச் சொன்னேன், எனக்குத் தெரிந்த அரைகுறை பாஷையில். முதலில் அதிகாரி சிரித்தார். "சிஸ்டருக்கு வெயில் தலைக்கேறிடுச்சு" என்றார். படகுக்காரர் மட்டும் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். நீ பையை இறக்கிவைக்கும் சைகை செய்தாய். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர் தன் தோளில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை எழுதிவிட்டுத்தான் குறை சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

நீ நாற்பத்தொன்று என்றாய். நான் பார்த்த அன்று நாற்பத்தாறு. பழைய கடிதத்தை வைத்துக்கொண்டு இன்றைய எண்ணைச் சொல்லாதே; "ஆகஸ்ட் பத்தொன்பது வரை" என்று சொல். கைப்பம்பு மூன்று என்றாய், இரண்டுதான். மூன்று என்றால் யாராவது ஒருவர், பரவாயில்லையே என்று நினைத்துவிடுவார். அப்பா சொன்னது சரி. இங்கே நான் மருந்தை ஒரு சொட்டுக் கூட்டினாலும் குறைத்தாலும் ஆள் போய்விடும். உனக்கும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்.

நிறுத்தட்டுமா என்று கேட்டாய். இந்தப் பத்தியை மூன்று முறை எழுதி அடித்தேன். அக்காவாக, நிறுத்து என்கிறேன். வேலை போய்விடும், வீட்டில் நீதான் இருக்கிறாய். நர்ஸாக என்னிடம் கேட்டால், இன்றைக்கு ஐம்பத்தொன்று. இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

அப்பா என் பெயரைப் பார்த்துவிட்டு வேறு ஏதாவது கேட்டாரா? கேட்டிருந்தால் எழுது. கேட்கவில்லை என்றால் இந்த வரிக்குப் பதில் வேண்டாம்.

அக்கா

*

செப்டம்பர் 17

அக்காவுக்கு,

வேலை போய்விட்டது. பயப்படாதே, கேள்.

என்னைக் காட்டிக்கொடுத்தது ஒரு நன்றிக் கடிதம். காது கேளாதோர் சங்கத்திலிருந்து எடிட்டர் சாருக்கு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. அவர் என்னைக் கூப்பிட்டு அதை மேஜையில் வைத்தார்.

"இது என்னம்மா? 'கரைமேட்டுச் செய்தியைத் தினமும் தருகிற ஒரே தொலைக்காட்சிக்கு நன்றி'ன்னு எழுதியிருக்காங்க. நாம எப்ப தந்தோம்?"

"ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு சார்."

"எங்க?"

"வலது மூலையில சார்."

அவர் சுவரைப் பார்த்தார். அந்தக் கோடு அதன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. "இதை எத்தனை பேர் பார்ப்பாங்க?" என்றார்.

"தெரியல சார். அவங்களை யாரும் எண்ணுறதில்ல."

அவர் அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "நீ பண்ணினது தப்புன்னு தெரியுதா?" என்று கேட்டார்.

"முதல் நாள் பண்ணினது தப்பு சார். அதுக்கப்புறம் எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் சொன்னேன்."

"எங்ககிட்ட சொல்லலையே."

அடையாள அட்டையைக் கழற்றி வைத்தேன். அவர் அதை எடுக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. மறுநாள் வீட்டில் உட்கார்ந்து இரண்டு மணிச் செய்தி பார்த்தேன். என் மூலையில் பச்சைகூட இல்லை, வெறும் கேட்டின் வலதுபக்கச் சுவர். ஆனால் அடியில் ஓடும் எழுத்தில், ஒரு விளையாட்டுச் செய்திக்கும் தங்கம் விலைக்கும் நடுவே, "கரைமேட்டில் காய்ச்சல்: 51 பேர் பலி" என்று ஒரே ஒரு தடவை போயிற்று. உன் எண் சேனலில் என் மேஜையில் விட்டுவந்த தாளில்தான் இருந்தது. அவர்தான் போட்டிருக்க வேண்டும். இரண்டாவது தடவை வருமா என்று ஆறு மணிவரை உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

இனிதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். அந்தக் கூடத்தில் முந்நூறு பேர் இருந்தால் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும் என்று உனக்குத் தெரியும். அன்று மேடையில் அப்பா ஏறினார். கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து வம்பு பேசுகிறவர் அவர். "பொண்ணுங்க ரெண்டு பேர் எனக்கு. ஒருத்தி அங்க இருந்து எழுதுறா. ஒருத்தி இங்க இருந்து சொன்னா, வேலை போச்சு. நாம பார்த்தோம். பார்த்ததுக்கு அப்புறம் என்ன?" என்று கேட்டார். அவ்வளவுதான். முந்நூறு பேர் கையும் ஒரே நேரத்தில் எழுந்தது. மழைக்கு முன்னால் மரங்கள் அசைவதுபோல் இருந்தது எனக்கு.

பட்டறை முதலாளி பஸ்ஸுக்கு வைத்திருந்த புதுத் தகடுகளைக் கொடுத்தார். அப்பாவும் கூட்டாளிகளும் ஒன்பது தொட்டி செய்திருக்கிறார்கள், தகட்டை மடித்து, ரிவெட் அடித்து. இப்போது தனித்தனித் துண்டுகளாக இருக்கின்றன; அங்கே வந்து பூட்டி ஓரம் பற்றவைக்க வேண்டும். குளோரினுக்கு நீச்சல் குளத்தில் வேலை செய்கிற ஒருவர். சலைனுக்கு ஐந்து பேர் மருந்துக்கடை மருந்துக்கடையாக, கையில் சீட்டை வைத்துக்கொண்டு நின்றார்கள், அறுநூறு பாட்டில். இரண்டு லாரி.

அப்பாவும் வருகிறார். உன்னைப் பார்க்க வருவதாக ஒத்துக்கொள்ள மாட்டார். "தொட்டியைப் பூட்ட அங்க யாருக்குத் தெரியும்?" என்கிறார். மருந்துப் பையை நான் கட்டும்போது, "அவளுக்கு இன்னும் தலைவலி வருதா?" என்று கேட்டார். நீ கேட்டிருந்த வரிக்கு இதுதான் பதில்.

கடிதத்தைத் தபாலில் போடவில்லை. அவர் சட்டைப் பையில் வைக்கிறேன். நனையாமல் வந்தால் அதிசயம்.

சுண்டெலி

*

கரைமேடு
அக்டோபர் 1

சுண்டெலிக்கு,

கடிதம் நனையவில்லை. வியர்வையில் கொஞ்சம் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

முதலில் எண்ணைச் சொல்கிறேன், இல்லாவிட்டால் எனக்கு எழுத வராது. மொத்தம் அறுபத்து மூன்று. தொட்டிகளை வைத்த பிறகு இந்த வாரத்தில் இரண்டு. போன மாதம் ஒரே நாளில் ஐந்து போனதுண்டு. வடக்குக் கோடியில் இன்னும் தொட்டி இல்லை. அந்த இரண்டும் அங்கேதான். முடிந்துவிட்டது என்று யாரிடமும் சொல்லிவிடாதே. குறைந்திருக்கிறது.

தொட்டிகளைப் பற்றவைக்கக் கிடங்கு ஜெனரேட்டரை மூன்று நாள் வாங்கிக்கொண்டோம். அந்த மூன்று நாளில்தான் உன் நடிகர் வெளியே வந்தாராம். அதிகாரிக்கு மகா வருத்தம். "ரெண்டு மாசம் பார்த்தேன் சிஸ்டர், கடைசியில விட்டுட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே தொட்டிக்கு அடியில் செங்கல் வைத்தார்.

நீ இங்கே வா. வீட்டைப் பூட்டிவிட்டு வா. கைகளால் பேசுகிற கரையில் உனக்கு வேலை இல்லாமல் போகாது. சம்பளம் பற்றிக் கேட்காதே.

அப்பா வந்ததைக் கடைசியில் எழுதலாம் என்று தள்ளிவைத்தேன்.

அன்று மதியம் மூன்று படகுகள் தெரிந்தன. காற்று குறுக்கே பலமாக அடித்தது. முன்னால் வந்த படகில் தகடுகள், அவற்றின்மேல் அப்பா. அது பள்ளிக்கூடக் கூரைக்குப் பக்கத்தில் வந்து, தண்ணீருக்கடியில் ஏதோ மதிலில் ஏறி நின்றுவிட்டது. தள்ளினால் வரவில்லை. வேறு படகு போய்ச் சாமான்களைப் பாதி இறக்கி இழுக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம். இடையில் இருநூறு மீட்டர். கரையிலிருந்தவர்கள் கூப்பிட்டார்கள், படகுக்காரர்கள் கூப்பிட்டார்கள். யார் சொன்னதும் யாருக்கும் எட்டவில்லை. நான் மேட்டில் ஏறி நின்றேன். அவர் தகட்டின்மேல் எழுந்து நின்றார். வெளிச்சம் அவருக்குப் பின்னால் இருந்தது. கை இரண்டும் கறுப்பாக, தெளிவாக, பெரியதாகத் தெரிந்தன.

"மேடு எந்தப் பக்கம்? தொட்டியை எங்க வைக்கணும்?" என்றார். முதல் வார்த்தை அதுதான்.

சொன்னேன். பம்பிலிருந்து எத்தனை அடி என்று கேட்டார். அதையும் சொன்னேன். சலைன் மூன்றாவது படகில், வெயில் படாமல் மூடியிருக்கிறது என்றார். நீ சமைப்பது உப்பு ஜாஸ்தி என்றார். என் தலைவலியைக் கேட்டார். கரையில் ஜனங்கள் கூடிவிட்டார்கள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காற்று அதற்குள் நின்றிருந்தது. அவருக்குக் கீழே தண்ணீரில் இன்னொரு அப்பா தலைகீழாக நின்று அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் கையைக் கீழே போட்டார். அப்புறம் கேட்டார்.

"அன்னிக்கு நீ சொன்னதுல பாதியைத்தான் பார்த்தேன். அப்புறம் கண்ணை மூடிட்டேன். மீதி என்ன சொன்னே?"

இத்தனை மாதமும் அவர் முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார் என்று நினைத்திருந்தேன், சுண்டெலி. அம்மாவைத் தூக்கி, துடைத்து, திருப்பிப் படுக்கவைத்த கைகள் அந்த வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, அதனால் போகிறேன் என்றேனே, அதுவரை பார்த்திருக்கிறார். அதற்கடுத்த வரியை நான் மூடிய கண்ணுக்கு முன்னால் சொல்லியிருக்கிறேன்.

"தண்ணி வடிஞ்சதும் வந்துடுவேன்னு சொன்னேன். உங்களை விட்டுட்டுப் போகலைன்னு சொன்னேன்."

வேகமாகச் சொல்லிவிட்டதால் இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது. அவர் இரண்டு முறையும் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு நாங்கள் அம்மாவைப் பற்றிப் பேசினோம், ரொம்ப நேரம். அவள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. பதினெட்டாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, யாருக்கும் கேட்காமல்.

படகை இழுத்துக்கொண்டு வந்து கரையில் சேர்த்தபோது எங்களிடம் பேசுவதற்கு ஒன்றும் பாக்கியில்லை. அவர் ரிவெட் பெட்டியைத் தூக்கி என் பக்கம் நீட்டி, மோவாயால் காட்டினார்: கனமா இருக்கு, ரெண்டு கையாலயும் பிடி.

பிடித்துக்கொண்டேன்.

அக்கா